வட்டம் சுற்றுதா? இன்னொரு முறை அழுத்தாதீங்க!

கல்வி உதவித்தொகைக்குக் கடைசி நாள். வருமானச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, 'சமர்ப்பி'யை அழுத்திவிட்டீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மறுபடி அழுத்தலாமா? கொஞ்சம் பொறுங்க!

அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு பார்ப்போம். சர்வரில் ஒரு நிரல் ஓயாமல் காத்திருக்கும். கோரிக்கை வந்ததும், அது எந்த முகவரிக்கு வந்தது, என்ன வகை என்று பார்க்கும். 'கெட்' என்றால் தகவலைக் காட்டச் சொல்வது. எத்தனை முறை கேட்டாலும் பாதகமில்லை. 'போஸ்ட்' பெரும்பாலும் புதிதாகப் பதியச் சொல்வது. இரண்டு முறை போனால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம் ஆகிவிடலாம்.

பிறகு ஒரு எண்ணோடு பதில் வரும். 200 என்றால் சரி. 404 என்றால் அப்படியொரு பக்கம் இல்லை. 503 என்றால் இப்போதைக்குச் சேவை தர முடியவில்லை, அப்புறம் வாங்க என்று பொருள்.

பதில் வரவில்லை என்பதற்காக, பதிவாகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு முடிந்து, பதில் மட்டும் வழியில் அறுந்திருக்கலாம். முதலில் குறுஞ்செய்தி, விண்ணப்ப நிலை, வங்கிக் கணக்கு மூன்றையும் பாருங்கள். பணம் போயிருந்தால் திரும்பக் கட்டாமல் உதவி மையத்தில் கேளுங்கள். மூன்றிலும் எதுவும் இல்லையா? தாராளமாக மீண்டும் அனுப்புங்கள்!