ஆவணம் காப்போருக்கும் வேலை உண்டு

வீட்டுக் கடனை அடைத்துவிட்டுப் பத்திரம் கேட்டு வந்த வாடிக்கையாளரைக் காத்திருக்க வைத்து, அரை நாள் தேடிய அனுபவம் எங்களுக்கு உண்டு. பத்திரம் கிடைத்தது, வேறொருவரின் உறைக்குள் இருந்தது. கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரத்தை ஒப்படைக்காமல், தாமதத்திற்கு வங்கியே காரணமானால், நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. ஆவணங்களை ஒழுங்குற வைப்பவரின் அருமை இப்போது எங்களுக்கு நன்றாகவே விளங்குகிறது.

இப்பணிக்குத் தனிப் படிப்பே உண்டு. வணிகவியல் பயின்ற எங்களிடம் அன்று எவரும் இதைச் சொல்லவில்லை. 1891-இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்று, இன்று புதுதில்லியில் இயங்கும் தேசிய ஆவணக் காப்பகம் ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் குறுகிய காலப் பயிற்சிகளையும் நடத்துகிறது. மத்திய அரசு அலுவலகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆவண அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்கிறது 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம். ரிசர்வ் வங்கிக்குப் புனேயில் 1981 முதல் தனிக் காப்பகம் உள்ளது. டாடா, கோத்ரெஜ் போன்ற தொழிற்குழுமங்களும் காப்பகங்கள் வைத்துள்ளன.

பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றும் திட்டங்களில் படமெடுப்பது எளிது. எதை வைப்பது, எதைக் கழிப்பது, எப்பெயரில் தேடினால் கிடைக்கும் என்று முடிவு செய்வதே கடினம். அத்துடன் காலத்தையும் செலவையும் கணக்கிட்டு வேலை வாங்கத் தெரிந்தவருக்குத் திட்ட மேலாளர் பொறுப்பும் கைகூடும்.

சேர விரும்புவோர் தகுதி விவரங்களைக் காப்பகத்தின் இணையதளத்தில் முதலில் பார்த்துக்கொள்க. கல்விக் கடன் பற்றி அறிய, சேர்க்கைக் கடிதத்துடனும் கட்டண விவரத்துடனும் கிளைக்கு வருக.