செட்டிநாட்டுச் சமையற்கலை

ஒரு நாட்டின் வரலாற்றை அறியக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் துணைபுரிகின்றன. ஒரு வட்டாரத்தின் வரலாற்றையோ அதன் அடுக்களையிலும் படித்தறியலாம். எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, அதனைப் பக்குவப்படுத்தியவர் யாவர் என்று ஆராய்ந்தால், அங்கு வாழ்ந்த மக்கள் சென்ற வழிகளும் செய்த தொழில்களும் நமக்கு விளங்கும். இதற்கு நல்ல சான்றாக விளங்குவது செட்டிநாட்டு உணவாகும்.

செட்டிநாடு என்பது காரைக்குடியை நடுவாகக் கொண்டு, இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள ஊர்களின் தொகுதி. இது வானம் பார்த்த பூமி. கண்மாய்களையும் ஊருணிகளையும் நம்பியே இங்கு மக்கள் வாழ்ந்தனர். மழை குறைவு, வெயில் மிகுதி. அவ்வெயிலையும் அவர்கள் வீணாக்கவில்லை. காய்களை வற்றலாக்கினர், வடகம் இட்டனர், இறைச்சியை உப்பிட்டு உலர்த்தி உப்புக்கண்டம் ஆக்கினர். அரிசி களைந்த நீரையும் கீழே கொட்டாமல், அதில் புளி கரைத்துக் காய்களை வேகவைத்து ‘மண்டி’ என்னும் சுவைமிகு குழம்பைச் சமைத்தனர். பெருஞ்செல்வம் வந்த பின்னரும் இச்சிக்கனம் அவர்களை விட்டு நீங்கவில்லை.

அச்செல்வம் கடல்கடந்து வந்ததாகும். நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் முதலிய இடங்களுக்குச் சென்று வட்டித் தொழிலும் வாணிகமும் நடத்தினர். சென்ற இடத்தில் ‘கிட்டங்கி’ எனப்படும் பொது இருப்பிடத்தில் தங்கித் தொழில் செய்தனர். ஊர் திரும்புகையில் பொன்னும் பொருளும் மட்டுமன்றிப் புதிய சுவைகளும் அவர்களுடன் வந்தன. பர்மாவுடன் கொண்ட தொடர்பை இன்றும் நினைவூட்டுவது கவுனி அரிசி. கருநிறமுடைய அவ்வரிசியை இரவெல்லாம் ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்த்துருவல், நெய் ஆகியன சேர்த்து இனிப்பாக்கி விருந்தில் படைப்பர். குழம்பில் மணக்கும் அன்னாசிப்பூ, சீனத்தின் தென்பகுதியையும் வியட்நாமையும் தாயகமாகக் கொண்டது. கிராம்பு இந்தோனேசியத் தீவுகளுக்கு உரியது. பட்டை இலங்கையில் செழிப்பது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டை அடைந்தது. இங்ஙனம் ஒரு சட்டிக் குழம்பில் பல கடல்களின் மணம் கலந்துள்ளது எனலாம்.

எனினும் பொருள் வந்து சேர்ந்த அளவிலேயே கலை பிறந்துவிடாது. மிளகு, சீரகம், சோம்பு, கல்பாசி ஆகியவற்றை எந்த அளவில் எடுப்பது, எதனை எவ்வளவு நேரம் வறுப்பது, அம்மியில் எந்தப் பதத்திற்கு அரைப்பது என்பன கைப்பழக்கத்தால் மட்டுமே வருவன. சோம்பு கருகினால் குழம்பு கசக்கும். கல்பாசி மிகுந்தால் பிற மணங்களை அமிழ்த்திவிடும். இந்நுட்பங்களை அறிந்து நிறுத்தவர், வீட்டை ஆண்ட ஆச்சிமாரும், அவர்களோடு அடுப்படியில் உழைத்த சமையற்காரர்களுமே ஆவர். திருமணக் காலங்களில் நூற்றுக்கணக்கானவர்க்கு நாள்தோறும் வேளை தவறாது இலை போட்டவர்கள் அவர்கள். பெருமனைகளைக் கட்டிய செல்வர்களின் பெயர்கள் முகப்பிலே பொறிக்கப்பட்டன. ஆனால் அம்மனைகளின் புகழை நாவெல்லாம் பரப்பியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் காலம் மாறியது. 1942ஆம் ஆண்டு ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. பலர் உடைமைகளை இழந்து தாயகம் திரும்பினர். விடுதலை பெற்ற பர்மாவில் நிலங்கள் நாட்டுடைமையாகவே, பழைய வருவாய் அற்றுப்போயிற்று. பெருமனைகள் பல பூட்டிக்கிடந்தன. அடுப்பு எரியாத வீட்டில் சமையற்காரருக்கு என்ன வேலை இருக்கும்? எனினும் அக்கலை அழிந்துவிடவில்லை. வீட்டை விட்டுக் கடைவீதிக்கு வந்தது. 1964ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற அஞ்சப்பர் உணவகம் செட்டிநாட்டுச் சுவையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. பின்னர்ப் பல வெளிநாடுகளிலும் அதன் கிளைகள் தோன்றின. பெயர் பரவியபோது ஓர் இடர்ப்பாடும் உடன் வந்தது. மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிச் சிவக்கச் செய்த எதனையும் சிலர் ‘செட்டிநாடு’ என்று விற்கலாயினர். உண்மையான செட்டிநாட்டு இலையிலோ காரம் ஒரு பகுதியே. வெள்ளைப் பணியாரம், பால் பணியாரம், கந்தரப்பம், கூட்டு, மண்டி என அமைந்த சுவைகளும் அதில் இடம்பெறும்.

அக்காலத்தில் உணவைத் தேடி மக்கள் காரைக்குடிக்கு வரவில்லை. காரைக்குடியினரே உலகெங்கும் சென்றனர். இன்று உலகத்தார் உணவை நாடிக் காரைக்குடிக்கு வருகின்றனர். நகரத்தார் குடும்பம் ஒன்றின் பழைய மனமகிழ் மன்றமாக இருந்த ‘பங்களா’, 1999ஆம் ஆண்டு விருந்தினர் விடுதியாயிற்று. அங்கு வாழையிலையில் பரிமாறப்படும் உணவை உண்பதற்கும் செய்முறையைக் கற்பதற்கும் பயணிகள் வருகின்றனர். அவ்விடுதியின் திருமதி மீனாட்சி மெய்யப்பன், சுமித் நாயர் என்பவருடன் சேர்ந்து அதன் சமையல் முறைகளை 2014ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கைப்பழக்கமாக மட்டும் இருந்த அறிவு இவ்வாறு ஏட்டில் ஏறியது.

மிளகாயை நமக்களித்த அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அமெரிக்க நாட்டிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. அந்நாட்டின் தென்பகுதிச் சமையலை வளர்த்தவர்களுள் பெரும்பங்கு கருப்பின மக்களுக்கு உரியது. அவர்களின் பெயர்களும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தன. விர்ஜீனியா மாநிலத்தில், அடிமைத்தளையினின்று விடுபட்டவர்கள் அமைத்த ஃபிரீடவுன் என்னும் சிற்றூரில் 1916ஆம் ஆண்டு பிறந்தவர் எட்னா லூயிஸ். அவர் நியூயார்க்கில் சமையற்கலைஞராகப் புகழ்பெற்றார். தம் ஊரார் எந்தப் பருவத்தில் எதைப் பயிரிட்டு எவ்வாறு சமைத்தனர் என்பதை 1976ஆம் ஆண்டு நூலாக எழுதினார். அதனால் ஒரு சிற்றூரின் அடுக்களை அந்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது.

சமையற்கலை விதையைப் போன்றது. ஒரு தலைமுறை விதைக்கத் தவறினால் அடுத்த தலைமுறைக்கு அது கிடையாது. அம்மியும் உரலும் அருகி வரும் இந்நாளில், பாட்டிமார் அறிந்த பக்குவங்கள் அவர்களுடனேயே மறைந்துவிடக் கூடும். ஆதலின் மாணவர்கள் தம் வீட்டில் வழங்கும் உணவு வகைகளின் செய்முறையைப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் நன்று. அவற்றைச் சமைத்தவரின் பெயரையும் அதன் அருகே எழுதுதல் வேண்டும். நமக்கு உணவளித்த கைகளுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே ஆகும்.