பாட்டியின் மாத்திரை... பேத்திக்கு வேண்டாம்!

'ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு... பரீட்சை பயத்துல ராத்திரி தூக்கமே இல்ல. பாட்டியோட தூக்க மாத்திரையில பாதி கொடுத்தேன். இதுல என்ன தப்பு?' என்று கேட்பவரா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள்!

அல்பிரஸோலாம், டயஸிபாம் போன்ற மாத்திரைகள் தூங்க வைக்கும். கூடவே மறதியையும் தரும். படித்தது மனசில் நிற்காது. சில வாரங்களில் பாதி போதாது, முழுசு கேட்கும்.

அதனால்தான் 2014 மார்ச் முதல் இவை 'ஷெட்யூல் எச்1' பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் தரக்கூடாது. நோயாளியின் பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 வருடம் வைத்திருக்க வேண்டும். கடையில் இத்தனை காவல்... நம் வீட்டில்? ஃப்ரிட்ஜ் மேல் திறந்த டப்பா!

மாத்திரைகளை எண்ணிப் பூட்டி வையுங்கள். குறைந்தால் அடிக்காதீர்கள், பிடுங்கி எறியவும் வேண்டாம். பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

முக்கியமாக, 'ஏம்மா தூக்கம் வரல?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கினால், அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

மார்க் அப்புறம் வரும். முதலில் பிள்ளை!