கோதாவரிக் கரையில் பத்ராசலம்

ஐதராபாத்துக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் பத்ராசலம் இருக்கிறது. இது கோதாவரி ஆற்றங்கரை ஊர். இங்குள்ள ராமர் கோயில் புகழ் பெற்றது. கோயிலைக் கட்டியவர் பக்த ராமதாஸ். அரசாங்க வரிப் பணத்தைச் செலவு செய்தார் என்று அவரைக் கோல்கொண்டா கோட்டையில் சிறை வைத்தார்கள்.

2011-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம். சுற்று வட்டாரக் காட்டுக் கிராமங்களில் கோயா பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள்.

கோதாவரி மகாராஷ்டிரத்தில் நாசிக் அருகே பிறக்கிறது. வழியில் பிராணஹிதா, இந்திராவதி ஆகிய ஆறுகள் வந்து சேர்கின்றன. ஆகவே பத்ராசலத்தில் மழை இல்லாவிட்டாலும் வெள்ளம் வரலாம். மேற்பகுதியில் மழை கொட்டினால் போதும்.

ஆற்று நீர் 43 அடி உயர்ந்தால் முதல் எச்சரிக்கை. 48 அடி என்றால் இரண்டாவது. 53 அடி என்றால் மூன்றாவது. 1986-இல் நீர் 75 அடியைத் தாண்டியது. 2022 ஜூலையில் 71 அடியைத் தாண்டியது. ஆயிரக்கணக்கான மக்கள் முகாம்களுக்குப் போனார்கள்.

43, 48, 53. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர், தண்ணீர் வாசலுக்கு வரும் முன்பே பிள்ளைகளோடும் ஆடுமாடுகளோடும் மேட்டுக்குப் போய்விடலாம். உங்கள் ஊர் ஆற்றுக்கும் இப்படி அளவு உண்டா? கேட்டு எழுதி வையுங்கள்.