இயங்கலைக் கல்வியில் மதிப்பெண்ணும் நேர்மையும்



கல்வி உதவி நாடி வரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைச் செயலவையினர் பார்வையிடும் போதெல்லாம், அண்மைக் காலமாக ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "வாத்தியாரே, பையன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே கணினியில் படித்திருக்கிறான். தேர்வையும் அங்கேயே எழுதியிருக்கிறான். இந்த 3.80 அவனுடைய சொந்தப் புள்ளிதானா?" என்று நன்கொடை தரும் அன்பர்கள் கேட்கின்றனர். கேள்வியில் பிழையில்லை. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார். ஆனால், மம்பாவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளை ஒருவனை வெறும் ஐயத்தின் பேரில் ஒதுக்கிவிட்டால் அது பெரும் பாவமாகும். ஆகவே, இயங்கலைப் படிப்பில் மதிப்பெண் எப்படி வழங்கப்படுகின்றது, எங்கே ஓட்டை விழுகின்றது, எதை நம்பலாம் என்பவற்றை ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் இயன்றவரை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

பாலும் தண்ணீரும்

நம்மில் பலரும் பால்மரத் தோட்டத்துப் பிள்ளைகள். பால் நிறுக்கும் இடத்தில் நடந்தவை நமக்கு மறக்காது. வாளியில் தண்ணீர் கலந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது. அதனால்தான் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் இறக்கி, அதில் உள்ள உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அந்தக் கருவி இல்லாவிட்டால், தண்ணீர் கலக்காமல் கொண்டு வந்த தொழிலாளிக்குத்தான் முதல் நட்டம். அதே வேளையில், கருவியைப் படிப்பவர் அளவைக் குறைத்து எழுதினாலும் நட்டம் அதே தொழிலாளிக்குத்தான்.

மதிப்பெண்ணும் அத்தகையதே. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தெரியும் என்று ஆசிரியர் ஊருக்குச் சொல்லும் சாட்சியம் அது. முதலாளி அதை நம்பி வேலை கொடுக்கிறார். அரசு அதை நம்பி உபகாரச் சம்பளம் கொடுக்கிறது. திருவள்ளுவர் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, அதில் துலாக்கோலை உவமையாகக் காட்டியிருப்பதை நாம் அறிவோம். ஏமாற்றுபவனைத் தப்பவிடவும் கூடாது. நேர்மையானவனைத் திருடன் என்று சொல்லவும் கூடாது. கோல் இரு பக்கமும் சரியாக இருத்தல் வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு நல்ல முறை

தொலைவிலிருந்து படிப்பது நமக்குப் புதிதன்று. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலேயே வளாகத்திற்கு வெளியே இருப்போருக்கான பட்டப் படிப்பைத் தொடங்கியது. பகலில் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் பெற விரும்பிய ஆசிரியர் பலருக்கு அது கைகொடுத்தது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இப்போது அந்த வழி கணினிக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது.

இத்தகைய படிப்புகளில் மதிப்பெண் வழங்குவதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்றைத் தமிழ்நாட்டில் காணலாம். இந்தியாவின் ஐ.ஐ.டி. கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் என்.பி.டி.இ.எல். என்பதாகும். சென்னை ஐ.ஐ.டி. இதில் முன்னின்று உழைக்கின்றது. 2014 முதல் சான்றிதழும் வழங்குகின்றார்கள். பாடங்களை யாரும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தித் தேர்வு எழுதுவர்.

அங்கே 12 வாரப் பாடம் ஒன்றுக்கு வாரம் ஓர் இடுபணி உண்டு. வீட்டிலிருந்தே செய்து அனுப்பலாம். 12 இடுபணிகளில் சிறந்த 8ஐ மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். காய்ச்சலில் படுத்தவனும் வேலைக்குப் போன இடத்தில் ஒரு வாரம் தவறவிட்டவனும் அதனால் தண்டிக்கப்படுவதில்லை. ஆனால் இந்த வீட்டு வேலை அனைத்துக்கும் சேர்த்து 100இல் 25 புள்ளிகள்தான். மீதம் 75 புள்ளிகள் தேர்வு மையத்திற்கு நேரில் சென்று, அடையாள அட்டையைக் காட்டி, கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதும் தேர்வுக்கு உரியவை. மேலும், இடுபணியில் 25க்கு 10ம், தேர்வில் 75க்கு 30ம் தனித்தனியே பெற்றாக வேண்டும். ஒன்றில் மிகுதியாக வாங்கி மற்றொன்றின் குறையை ஈடுகட்ட முடியாது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். வீட்டு வேலை படிக்க வைப்பதற்காக. மையத் தேர்வு அளப்பதற்காக. நண்பனைப் பார்த்து எழுதிய இடுபணியால் ஒருவன் பெறக்கூடிய ஆதாயம் சிறியது. படிக்காமல் எழுதியதன் விளைவை அவன் மையத்தில் அனுபவித்துவிடுகிறான். யார் வீட்டிலும் எட்டிப் பார்க்காமல், யார் மீதும் பழி சுமத்தாமல், பாலில் இருக்கும் தண்ணீர் தெரிந்துவிடுகிறது.

தேர்வே வீட்டுக்கு வந்த காலம்

2020 மார்ச் 18ஆம் நாள் நமது நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டன. மையத்தில் எழுத வேண்டிய தேர்வுகள் படுக்கையறைக்கும் சமையற்கட்டுக்கும் வந்து சேர்ந்தன. அவ்வாண்டு சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதியில், இணையத் தொடர்பு கிடைக்காத பல்கலைக்கழக மாணவி ஒருவர் மரத்தின் மேலேறித் தேர்வு எழுதிய காணொளியை நாடே பார்த்தது. நகரத்தில் தனியறையும் அதிவேக இணையமும் உள்ள பிள்ளைக்கும் மரக்கிளையில் அமர்ந்த பிள்ளைக்கும் ஒரே கடிகாரம் வைத்துத் தேர்வு நடத்தினால் அந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

மேற்பார்வையாளர் இல்லாத குறையை இயந்திரத்தைக் கொண்டு நிரப்பவும் முயன்றார்கள். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம், 2020 நவம்பர், டிசம்பர் பருவத்திற்கு உரிய தேர்வுகளை 2021 பிப்ரவரியில் இணையவழி நடத்தியது. மாணவரின் கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள கேமராவின் வழியாகச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அவர்களைக் கண்காணித்தது. ஏப்ரலில் முடிவுகள் வந்தபோது, முறைகேடு என்ற ஐயத்தின் பேரில் ஏராளமானோரின் முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. தலையைத் திருப்பியதையும் பக்கத்தில் கேட்ட ஓசையையும் இயந்திரம் குற்றமாகக் கணக்கிட்டுவிட்டது என்று மாணவர்கள் முறையிட்டனர். மறுதேர்வு நடத்தப்படும் என்று தமிழக உயர்கல்வி அமைச்சர் மே மாதத்தில் அறிவித்தார். ஐந்து பேர் வாழும் ஒரு சிறு வீட்டில் குழந்தை அழுவதும் அம்மா கதவைத் திறப்பதும் இயல்பு. இயந்திரத்திற்கு வீட்டு நிலவரம் தெரியாது.

புதிதாக வந்த எழுத்தர்

இவ்வாறு தடுமாறிக்கொண்டிருந்த வேளையில், 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தது. கேட்ட தலைப்பில் கட்டுரை எழுதித் தரும் கணினி எழுத்தர் இவர். உடனே, இவர் எழுதியதைக் கண்டுபிடிக்கிறோம் என்று வேறு பல மென்பொருள்களும் கடைக்கு வந்தன. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அத்தகைய கருவி ஒன்றை 2023 ஜனவரியில் வெளியிட்டது. கணினி எழுதியதில் 26 விழுக்காட்டை மட்டுமே அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டைக் கணினி எழுதியது என்று பிழையாகச் சொன்னது. இவை அந்த நிறுவனமே கொடுத்த கணக்கு. துல்லியம் போதவில்லை என்று அவ்வாண்டு ஜூலையில் அதனை மீட்டுக்கொண்டார்கள்.

நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய 7 கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். மனிதக் கையால் எழுதப்பட்ட அக்கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றைக் கணினி எழுதியவை என்று கருவிகள் கூறின. 2023இல் வெளிவந்த ஆய்வு இது. எளிய சொற்களையே திரும்பத் திரும்பக் கையாளும் எழுத்து, கருவியின் கண்ணுக்குக் கணினி எழுத்தைப் போலத் தோன்றிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் இடைநிலைக் கல்வி கற்று, மூன்றாம் மொழியாக ஆங்கிலத்தில் இடுபணி எழுதும் நம் பிள்ளையின் எழுத்தும் எளிமையானதுதானே! கருவி காட்டும் எண்ணை மட்டும் வைத்து அவனைக் குற்றவாளி ஆக்கினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் உயர்கல்வித் தகுதிகளை ஆராயும் எம்.கியூ.ஏ. அமைப்பும் இத்தகைய செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றி 2023இல் கல்விக் கழகங்களுக்கு ஆலோசனைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டது.

தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றிய காலத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. பின்னக் கணக்கு ஒன்றில் இரு மாணவர்கள் ஒரே தவற்றை ஒரே விதமாகச் செய்திருந்தனர். பார்த்து எழுதியது உறுதி என்றார் உடன் பணியாற்றிய ஆசிரியர். நான் இருவரையும் வெவ்வேறு நேரத்தில் அழைத்து, கரும்பலகையில் அதே போன்ற வேறொரு கணக்கைப் போடச் சொன்னேன். இருவரும் மீண்டும் அதே இடத்தில் தவறினர். விசாரித்தபோது, இருவருக்கும் மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்த அக்காள் ஒருவரே என்பதும், அந்தப் பிள்ளை படியை மாற்றிச் சொல்லிக்கொடுத்திருந்ததும் தெரிந்தன. ஒற்றுமை இருந்தது, திருட்டு இல்லை. பத்து நிமிடம் நேரில் கேட்டதால் உண்மை விளங்கியது. இன்றைக்கும் இதைவிடச் சிறந்த கருவி எதுவும் வந்ததாக நான் அறியேன். நல்ல விரிவுரையாளர்கள் பலர் இடுபணியைப் பெற்றபின் மாணவரை நேரிலோ காணொளி வழியாகவோ அழைத்து, "இந்தப் பத்தியில் என்ன சொல்கிறாய்?" என்று கேட்கிறார்கள். சொந்தமாக எழுதியவன் திக்கித் திக்கியாவது சொல்லிவிடுவான்.

ஏமாற்று என்பது எது?

ஐயப்படுவதில் கவனம் வேண்டும் என்றேன். அதற்காக ஏமாற்று நடக்கவில்லை என்று பொருள் கொள்ளலாகாது. காசு கொடுத்து இடுபணி எழுதி வாங்குவதும், புலனக் குழுவில் விடைகளைப் பரிமாறிக்கொள்வதும், தனக்காக வேறொருவரைத் தேர்வில் அமர்த்துவதும் நடக்கின்றன. பிறருக்கு இடுபணி எழுதி விற்பதைக் குற்றமாக்கி ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் சட்டம் இயற்றின. பட்டம் பெற்ற அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுப்பது பாசம் போலத் தோன்றும். உண்மையில் தம்பி கற்க வேண்டியதை அண்ணன் பறித்துக்கொள்கிறார். அதே உபகாரச் சம்பளத்திற்கு மனுச் செய்து, சொந்தமாக எழுதி 3.20 வாங்கிய வேறொரு ஏழைப் பிள்ளையின் இடத்தையும் பறிக்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

மாணவச் செல்வங்களே, இடுபணியின் முதல் குறிப்பிலிருந்து கடைசிப் படி வரை எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். கூகுள் டாக்ஸ் போன்றவற்றில் எழுதினால், எந்த நாளில் எந்த வரியைச் சேர்த்தீர்கள் என்பது தானே பதிவாகும். கணினி எழுத்தரின் உதவியை எந்த அளவுக்குப் பெறலாம் என்று விரிவுரையாளரிடம் முன்கூட்டியே கேட்டு, பெற்ற உதவியை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். செய்யாத குற்றம் உங்கள் மேல் சுமத்தப்பட்டால், பயந்து எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். குற்றச்சாட்டின் ஆதாரத்தை எழுத்தில் கேளுங்கள்; உங்கள் குறிப்புகளைக் காட்டுங்கள்; நேரில் கேள்வி கேட்கும்படி நீங்களே கோருங்கள்; மேல்முறையீட்டிற்கு உரிய நாளைத் தவறவிடாதீர்கள்.

பெற்றோர்களே, "எத்தனை ஏ?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இந்த வாரம் என்ன எழுதினாய்? எனக்குப் புரிகிற மாதிரி தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய தாயாலும் இந்தத் தேர்வை நடத்த முடியும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் அம்மாவுக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்த பிள்ளை அதை உள்வாங்கிக்கொண்ட பிள்ளை.

கொடைநெஞ்சர்களே, மதிப்பெண் பட்டியலோடு, அந்தப் பாடத்தில் வீட்டு வேலைக்கு எத்தனை விழுக்காடு, மேற்பார்வையில் எழுதிய தேர்வுக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளையை அழைத்து, படித்த பாடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் அன்போடு பேசுங்கள். விசாரணையாக அல்லாமல் உரையாடலாக அது இருக்கட்டும். இயங்கலையில் படித்தவன் என்ற ஒரே காரணத்திற்காக எவரையும் ஒதுக்க வேண்டாம். 4.00 என்ற எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டாம்.

அன்று தண்ணீர் கலக்காத பாலைத் தலைநிமிர்ந்து தராசில் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இவர்களுடைய உழைப்புக்கு உரிய அளவு குறையாமல் கிடைக்கவும், உழைக்காமல் பெறும் அளவை இவர்களே நாடாதிருக்கவும் நாம் துணை நிற்போமாக. எல்லாம் வல்ல இறையருள் யாவர்க்கும் கிட்டுவதாக.