கடைசிக் குழியில் வந்த பதற்றம்



நுவரெலியாவுக்குப் போனவர்கள் நகரின் நடுவே பரந்து கிடக்கும் பச்சைப் புல்வெளியைக் கண்டிருப்பீர்கள். அது கோல்ப் விளையாடும் இடம். பஸ் யன்னலால் அதைப் பார்த்தபோது, "இது காசுள்ள ஆட்களின் பொழுதுபோக்கு, எங்களுக்கும் இதற்கும் என்ன?" என்றுதான் நான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியவர் தாய்லாந்தைச் சேர்ந்த அரியா ஜுதானுகார்ன் என்ற பெண்.

அவருடைய கதையை நான் விரும்பி வாசித்ததற்கு ஒரு காரணம் உண்டு. யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களான பின்னரும், நல்ல காரியமொன்று கைகூடி வரும் நேரத்தில் எனக்குக் கை நடுங்கும். கடன் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போதும் நடுங்கும், சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசும்போதும் நடுங்கும். இதை என்னுடைய குறையென்று எண்ணி ஒளித்து வந்தேன்.

முதலில் விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறிய வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, தூரத்திலுள்ள குழிக்குள் விழுத்த வேண்டும். ஒரு சுற்றுக்கு 18 குழிகள். பெரிய போட்டிகள் பெரும்பாலும் நான்கு நாட்கள் நடக்கும். ஆகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். பல போட்டிகளில் இரண்டு நாட்களின் பின்னர் பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். பெரும்பாலும் அவர்களுக்குப் பரிசுப் பணம் கிடையாது.

அரியா 1995இல் பாங்கொக்கில் பிறந்தார். அவருக்கு ஒரு வயது மூத்தவர் அக்கா மோரியா. பெற்றோர் கோல்ப் மைதானமொன்றில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடை நடத்தினர். கடைக்கு வந்து போன பிள்ளைகள் இருவரும் மட்டையைப் பிடித்துப் பழகினர். பிள்ளைகளின் திறமையைக் கண்ட தகப்பன், குடும்பச் சொத்தை விற்று அவர்களைப் போட்டிகளுக்கு அனுப்பினார். ஆகவே, தோற்றால் இழப்பு அந்தப் பிள்ளைகளுக்கு மட்டுமானதல்ல.

2013 பெப்ரவரியில் தாய்லாந்தின் பட்டாயாவில் பெரிய சர்வதேசப் போட்டியொன்று நடந்தது. அரியாவுக்கு வயது 17. கடைசிக் குழிக்கு வந்தபோது இரண்டு அடிகள் முன்னிலையில் நின்றார். ஊர்ச்சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு குழியில் மூன்று அடிகளைக் கூடுதலாகச் செலவழித்து, ஒரே ஒரு அடியால் தோற்றுப் போனார். அதே ஆண்டு, பயிற்சியின் போது அக்காவோடு விளையாட்டாக ஓடி, சரிவில் விழுந்து வலது தோளில் காயப்பட்டார். சத்திரசிகிச்சை செய்து பல மாதங்கள் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த பின்னர் 2015இல் தொடர்ந்து பத்துப் போட்டிகளில் இரண்டாம் நாளோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2016 ஏப்ரலில் கலிபோர்னியாவில் நடந்த முக்கியமான போட்டியில், மூன்றே குழிகள் மிச்சமிருக்க முன்னிலையில் நின்றார். அந்த மூன்றிலும் சறுக்கினார். வெற்றி இன்னொருவருக்குப் போனது.

அந்தக் காலத்தில் அவருக்கு உதவியவர்கள் பியா நில்சன், லின் மரியட் என்ற இரு பெண் பயிற்றுநர்கள். பதற்றம் வரவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. வரும்போது என்ன செய்வது என்று ஒரு சின்னப் பழக்கத்தைக் கொடுத்தார்கள். பந்தை அடிப்பதற்கு முன்னர் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். அடுத்த மாதமே அரியா தமது முதலாவது வெற்றியைப் பெற்றார். தொடர்ந்து அடுத்தடுத்த இரண்டு போட்டிகளிலும் வென்றார். 2016 யூலை முடிவில், இங்கிலாந்தில் நடந்த பிரித்தானியப் பெண்கள் பகிரங்கப் போட்டியில் வென்று, உலகின் தலையாய கோல்ப் பட்டமொன்றைப் பெற்ற முதல் தாய்லாந்துக்காரர் ஆனார். அதற்கு முன் அந்நாட்டு ஆண்களும் அதை அடையவில்லை. 2017 யூனில் உலகத் தரவரிசையில் முதலாம் இடத்துக்கு வந்தார்.

அத்தோடு பதற்றம் ஒழிந்து போனதா? இல்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான். 2018இல் அமெரிக்கப் பெண்கள் பகிரங்கப் போட்டியின் இறுதி நாளில், ஒன்பது குழிகள் மிச்சமிருக்க ஏழு அடிகள் முன்னிலையில் இருந்தார். அவ்வளவும் கரைந்து, இன்னொருவரோடு சமநிலையில் வந்து நின்றார். பழையபடி ஆகிவிட்டது என்றே பார்த்தவர்கள் எண்ணியிருப்பார்கள். ஆனால் மேலதிகமாக நான்கு குழிகள் விளையாடி அவரே வென்றார்.

2021இல் பட்டாயாவில் நடந்த அதே போட்டியிலும் அரியா விளையாடினார். தமது ஆட்டத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் வந்த 18 வயதுத் தாய்லாந்துப் பெண் ஆத்தயா திதிகுல் அவரை எட்டிப்பிடிக்க முடியாமற்போக, அரியா ஒரு அடியால் வென்றார். எட்டு வருடங்களுக்கு முன்னர் அரியாவுக்கு நடந்ததைப் போலவே அந்தச் சின்னப் பிள்ளையும் ஒரே ஒரு அடியால் வெற்றியைத் தவறவிட்டார். ஆத்தயாவும் அதோடு ஒதுங்கிவிடவில்லை. 2022இல் அவரும் உலகின் முதலாம் இடத்துக்கு வந்தார்.

சகோதரிகளே, எங்களுடைய இழப்பும் ஒரு விளையாட்டுத் தோல்வியும் ஒன்றல்ல. அது எனக்குத் தெரியும். ஆனால் பயம் திரும்ப வருவதைத் தோல்வியென்று எண்ணத் தேவையில்லை என்பதை நான் இந்தப் பெண்ணிடம் படித்துக்கொண்டேன். போன மாதமும் சங்கக் கூட்டத்தில் எனக்குக் கை நடுங்கியது. தாளை மேசையில் வைத்தேன். முன்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்து ஒருமுறை சிரித்தேன். பிறகு பேச வந்ததை முழுக்கப் பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.