இரண்டு பாதைகளுக்கு ஒரு வாகனம்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ள ஊர் ஜுரு. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை இவ்வூர் வழியே செல்கிறது. இங்குள்ள ஆட்டோ சிட்டி வளாகம் வாகன விற்பனை நிலையங்களுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய ஊரில், நான்கு சக்கர இயக்க வாகனத்தைக் காட்டுப் பாதைக்கு ஏற்றவாறு வீட்டிலேயே மாற்றியமைக்கும் ஆர்வம் சிலருக்கு எழுவதில் வியப்பில்லை. 1997-இல் மலேசியாவில் தொடங்கிய ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’ போட்டி, சேறும் வெள்ளமும் நிறைந்த பாதையில் இவ்வாகனங்கள் எவ்வளவு தூரம் போராட முடியும் என்பதைக் காட்டியது. ஆனால், வீட்டு வாகனம் ஞாயிற்றுக்கிழமை சேற்றில் ஓடினாலும் திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் ஓடியாக வேண்டும். எனவே, எந்த மாற்றத்தையும் இரண்டு பாதைகளையும் எண்ணியே செய்ய வேண்டும்.

பொதுவாக, முதலில் மாற்றப்படுபவை டயர்களும் ஸ்பிரிங்குகளும் ஆகும். உயரமான ஸ்பிரிங் பொருத்தினால் வாகனத்தின் உடற்பகுதி மேலே எழும். ஆயினும், பல பிக்கப் வாகனங்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இணைந்திருக்கும். அந்த அச்சின் நடுவில் புடைத்திருக்கும் பற்சக்கரப் பெட்டியே கல்லிலும் மண்மேட்டிலும் எளிதில் இடிபடும். ஸ்பிரிங்கை உயர்த்துவதால் அப்பெட்டி உயராது. பெரிய டயரே அதனை உயர்த்தும். 70 செ.மீ. விட்டமுள்ள டயருக்குப் பதிலாக 77 செ.மீ. டயரைப் பொருத்தினால், அச்சு 3.5 செ.மீ. உயரும்.

இந்த நன்மைக்கு விலை உண்டு. பெரிய டயர் ஒருமுறை சுழலும்போது பத்து விழுக்காடு கூடுதலான தூரத்தைக் கடக்கிறது. வேகமானியோ பழைய டயரின் அளவைக் கொண்டே கணக்கிடுகிறது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி இப்போது மணிக்கு 110 கி.மீ. என்று காட்டும்போது, வாகனம் உண்மையில் 121 கி.மீ. வேகத்தில் செல்லும். நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பு 110 கி.மீ. என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், பெரிய டயரை நிறுத்த பிரேக்குக்குக் கூடுதல் விசை தேவைப்படும். உடற்பகுதியை உயர்த்தினால் பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாயும் இழுபடும். ஆகவே, ஒரு பாகத்தை மாற்றினால் அதனைச் சார்ந்த பிற பாகங்களையும் சரிபார்க்க வேண்டும்.

உயரமும் அடித்தளப் பரப்பளவும் ஒரு பொருளின் நிலைத்தன்மையை முடிவு செய்கின்றன என்பது அறிவியல் பாடத்தில் கற்ற உண்மை. வாகனத்தின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அவ்வெண் குறையக் குறைய வாகனம் கவிழும் வாய்ப்பு கூடும். எடுத்துக்காட்டாக, அகலம் 150 செ.மீ., ஈர்ப்பு மையத்தின் உயரம் 70 செ.மீ. எனில் விடை 1.07 ஆகும். ஈர்ப்பு மையம் 8 செ.மீ. உயர்ந்தால் விடை 0.96 ஆகக் குறைந்துவிடும். வளைவிலோ திடீரென விலகும்போதோ இவ்வேறுபாடு உயிரோடு விளையாடும்.

வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையிலும் ஆபத்து உண்டு. ஜாக், வாகனத்தைத் தூக்குவதற்கான கருவி மட்டுமே; அதனை மட்டும் நம்பி வாகனத்தின் அடியில் படுக்கக்கூடாது. சமமான, உறுதியான தரையில் தாங்கிகளை வைத்த பின்னரே வேலை செய்ய வேண்டும். அழுத்தப்பட்ட சுருள் ஸ்பிரிங் தவறி விடுபட்டால் பெரும் விசையுடன் பாயும். ஸ்பிரிங், பிரேக், ஸ்டியரிங் தொடர்பான வேலைகளைத் தகுதியுள்ள பணிமனையிடம் ஒப்படைப்பதே நன்று.

சட்டமும் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் நடப்பில் உள்ளது. வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்கு முன், ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் அனுமதி தேவையா என்று கேட்டறிய வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

செலவே இல்லாத ஒரு மாற்றமும் உண்டு. சேற்றுப் பாதையில் நுழையுமுன் டயரின் காற்றழுத்தத்தை அளவோடு குறைத்தால், டயர் தரையில் அகலமாகப் பதியும்; பிடிப்புக் கூடும். திரும்பும்போது மீண்டும் காற்றை நிரப்பிய பிறகே சாலையில் ஏற வேண்டும். இல்லாவிடில் டயர் சூடேறி வெடிக்கக்கூடும். இதைத் தடுக்க, காற்றடிக்கும் சிறு கருவியும் அழுத்தமானியும் போதும். விலை உயர்ந்த பாகங்களை வாங்குமுன், இருக்கும் வாகனத்தை நன்கு அறிந்து ஓட்டப் பழகுவதே முதல் படியாகும்.